கடைசிப் பதினாறு பக்கம்

எந்தத் துப்பறியும் நாவலைக் கொடுத்தாலும் அறுபதாம் பக்கத்துக்குள் கொலைகாரனைப் பிடித்துவிடுவேன். நான் பிடித்த ஆள் கொலைகாரனாக இருக்கமாட்டான் என்பது வேறு விஷயம். கண்டுபிடித்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளவும் தெரியாது. மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துபவனுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் முகவாயை இயந்திரத்தில் வைத்துவிட்டால் அசைய முடியாது. நான் கதையை முடிக்கும்வரை கேட்டே ஆகவேண்டும்.

விரும்பிக் கேட்கிற ஒரே ஆள் என் அண்ணன். பஸ் டிப்போவில் கால அட்டவணை போட்டே ஓய்வு பெற்றவர். பல வருடங்களாகச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைக்கு வந்து, கண் பரிசோதனைக்கான எழுத்து போர்டுக்கு எதிர் நாற்காலியில் உட்காருவார். அந்த வாரம் படித்ததைப் பற்றிப் பேச்சு தொடங்கும். பேச்சு என்றால் சண்டை. கொலைகாரன் ரயில் நிலையத்திலிருந்து பங்களாவுக்கு ஏழு நிமிடத்தில் போய்விட்டான் என்று எழுதியிருந்தால், நடுவிலுள்ள லெவல் கிராசிங்கைக் காட்டி நாவலையே குப்பைக்கு அனுப்பிவிடுவார். மாயாஜாலக் கதைகளையும் விடமாட்டார். டிராகன் மூன்று மலை தாண்டி ஒரே மூச்சில் பறந்து வந்தால், எங்கே இறங்கித் தண்ணீர் குடித்தது என்று கேட்பார். நான் டிராகனுக்காக வாதாடி, டீயும் ஆறிப்போய், தோற்பேன்.

ஒரு வருடமாக நிலைமை தலைகீழ். சூனியக்காரிதான் உண்மையான கதாநாயகி என்றேன், ஆமாம் என்றார். வக்கீல்மேல் எனக்கு முதலிலேயே சந்தேகம் என்று புளுகினேன். நீ கில்லாடிடா என்றார். என் விமர்சனம் முற்றிக் கனிந்துவிட்டது, அண்ணனே அடங்கிவிட்டார் என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன். அவருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று என் மனைவி கேட்டாள். பொறாமை என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் புதிதாக வந்த மர்ம நாவல் ஒன்றை, நான் படிக்குமுன் அவரிடம் கொடுத்தேன். அடுத்த வாரம் திருப்பித் தரும்போது, முடிவு பிரமாதம், யாரும் எதிர்பார்க்க முடியாது என்றார். விழுந்து விழுந்து படித்தேன். துப்பறிவாளர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துத் தொண்டையைச் செருமுகிறார். பக்கத்தைத் திருப்பினால் வெள்ளை. அச்சகத்தில் கோட்டை விட்டிருக்கிறார்கள். கடைசிப் பதினாறு பக்கமும் வெறும் தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஆளைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். சனிக்கிழமை, கடையில் லென்ஸ் பொருத்தும் பெண்ணையும் வேலையை விட்டுவிட்டு வந்து உட்காரச் சொன்னேன். கூட்டம் இல்லாமல் மர்மத்தை அவிழ்ப்பதில் என்ன சுகம்? அட்டைப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, என் கருத்தை எனக்கே திருப்பி விற்கும் ஆசாமி ஒருவர் இந்த அறையில் இருக்கிறார் என்று தொடங்கி ஐந்து நிமிடம் முழங்கினேன். பிறகு வெள்ளைப் பக்கங்களை அண்ணன் முகத்துக்கு நேரே விரித்தேன்.

அவர் தாளைக் கையால் தடவினார்.

"இதுல ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் சட்டென்று எழுந்துவிட்டாள். அவளுக்குப் புரிந்தது. துப்பறியும் எனக்குத்தான் இன்னும் புரியவில்லை.

"எழுத்து தெரியறதில்லடா. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"போன வருஷம் நான்தானே டெஸ்ட் பண்ணேன்? கடைசி வரி வரைக்கும் படிச்சீங்களே அண்ணா."

"அந்த போர்டுக்கு எதிர்ல எத்தனை வருஷமா உக்காந்திருக்கேன். கண்ண மூடிட்டே சொல்வேன். நீ நம்பணும்னு ஒரே ஒரு எழுத்த மட்டும் மாத்திச் சொன்னேன்."

கிட்டத்துப் பார்வைக்கான அட்டையை அன்று கையில் கொடுத்திருந்தால் மாட்டியிருப்பார். நான் ஒரு டிராகன் சண்டையை விவரிக்கும் அவசரத்தில் இருந்தேன்.

ஏன் மறைத்தீர்கள் என்று கத்தினேன். படிக்க முடியவில்லை என்று தெரிந்தால், நான் அவரிடம் புத்தகம் பேசுவதை நிறுத்திவிடுவேன் என்று பயந்தாராம். நான் பேச்சை நிறுத்துவேன் என்று நம்பிய ஒரே மனிதர் உலகத்திலேயே அவராகத்தான் இருப்பார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

உடனே கடையை மூடிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டரம்மா மருந்து விட்டு வெகுநேரம் பார்த்தார். சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுத்திருக்கிறது. வலது கண்ணை ஊசி போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம், இடது கண்ணில் போன பார்வை திரும்பாது என்றார். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாமாம்.

"நடுவுல யாருமே டெஸ்ட் பண்ணிப் பாக்கலையா?" என்று கேட்டார்.

நான் அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் யோசிக்கவே இல்லை.

"இல்ல டாக்டர். யாரும் பாக்கல."

"நான்தான் பாத்தேன் டாக்டர்," என்றேன். "கண்ணு நல்லா இருக்குன்னு எழுதியும் கொடுத்தேன்."

டாக்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அண்ணன் அவர் பக்கம் குனிந்து, ஏதோ ரகசியம் சொல்வதுபோலத் தணிந்த குரலில் சொன்னார்:

"இவன் கதைப் புத்தகம் நெறைய படிப்பான் டாக்டர். எதையாவது சொல்லிட்டிருப்பான், நீங்க எழுதிக்காதீங்க."