யாரும் மிதிக்காத வாசப்படி

என் உத்தியோகத்தைச் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். வீடியோ கேமுக்குள் கதவு எப்போது திறக்க வேண்டும், மணி எப்போது அடிக்க வேண்டும் என்று எழுதிவைக்கிறவன் நான். கேமை உருவாக்கும் எடிட்டர் மென்பொருளில் ஒரு பச்சைப் பெட்டியை வரைவேன். விளையாடுகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. அவர் நடத்தும் ஆள் அந்தப் பெட்டிக்குள் கால் வைத்தால், நான் எழுதியது நடக்கும். வைக்காவிட்டால் ஒன்றும் நடக்காது. இதற்காகத்தான் அத்திபெலேயிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போகிறேன்.

எங்கள் கேமில் ஒரு மலைக்கோயில் உண்டு. மாதக்கணக்கில் நான் சீராட்டி வளர்த்த லெவல். வாசப்படியில் கால் பட்டதும் மணி அடிக்கும், விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும், கருவறைக் கதவு திறக்கும். கால் கல்லில் படுகிற அதே நொடியில் மணி கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்கு. அதனால் பெட்டியை அப்பளம் மாதிரி தட்டையாக்கி வாசப்படிமேல் விரித்துவிட்டேன்.

பக்கத்து சீட் நண்பன் அன்றைக்கே சொன்னான். "கொஞ்சம் உசரமா வைடா. எவனாவது தாண்டிப் போயிட்டா?"

"வாசல்ல எவன்டா தாண்டுவான்? போய் உன் வேலையைப் பாரு."

அவனும் நானும் மட்டும்தான் அதை விளையாடிப் பார்த்தோம். பெட்டி எங்கே இருக்கிறதென்று தெரிந்த இரண்டு மேதாவிகள், நேராக ஓடிப்போய் அதன் மேலேயே மிதித்தோம். மணி ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

அப்புறம் ஒரு பேச்சு கிளம்பியது. கேம் நீளமாகிவிட்டது, ஒரு லெவலைத் தூக்கிவிடலாம், கோயில் போகட்டும் என்று. முடிவு எங்கள் லீட் மேடம் கையில். மல்லேஸ்வரத்தில் ரொம்ப காலமாக இருக்கிற தமிழ்க் குடும்பம். பேச்சில் தமிழும் கன்னடமும் பாதிப் பாதி, கோபம் வந்தால் முழுக் கன்னடம். "நானே ஒரு வாட்டி ஆடிப் பார்க்கறேன், அப்புறம் சொல்றேன்" என்றார். அவர் ஆடப்போகிற அன்று காலை இட்லியைத் தொடாமலே பஸ் ஏறினேன்.

மேடம் உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் பின்னால் நின்றோம். மலை ஏறினார். "லைட்டிங் சக்கத்தா இருக்குப்பா" என்றார். கன்னடத்தில் பிரமாதம் என்று அர்த்தம்; எனக்கு உயிர் வந்தது. கோயில் வாசலுக்கு வந்தார். விரல் ஸ்பேஸ் பட்டனைத் தட்டியது. ஆள் ஒரு குதி குதித்து வாசப்படியைத் தாண்டி உள்ளே போய் நின்றான்.

மணி இல்லை, விளக்கு இல்லை. ஒரே இருட்டு.

"என்னப்பா, ஒண்ணும் ஆகலியே? கதவு திறக்குமா, இல்ல நான் இங்கயே பூசாரியா உட்காந்துக்கணுமா?"

"வெளிய போயி மறுபடி வாங்க மேடம்."

போனார். வந்தார். மறுபடியும் தாண்டினார். நண்பன் என் முதுகில் கிள்ளினான், பாவி. எனக்குப் பொறுமை பறந்துவிட்டது.

"மிதிங்க மேடம்! வாசப்படிய நல்லா மிதிங்க!" என்று கத்தினேன்.

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேடம் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார்.

"கோயில் வாசப்படியவா? எங்க வீட்ல கேட்டா காலை ஒடச்சிடுவாங்க."

"கேம்தானே மேடம்..."

"கேம்தான். கை தானா தாண்டிடுச்சு, நான் என்ன பண்ண?"

சொல்லிவிட்டுத் தன் விரலையே பார்த்தார். போச்சு, தூக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"எத்தனை கேம் ஆடியிருக்கேன்," என்றார் மெதுவாக. "அரண்மனை, குகை, என்னென்னமோ. எந்த வாசலையும் நான் கண்டுக்கிட்டதே இல்ல, ஓடிப் போயிடுவேன். இங்க மட்டும் தாண்டியிருக்கேன். லெவல் இருக்கட்டும்ப்பா. பெட்டிய மட்டும் உசத்து." எழுந்து நடந்தவர் நின்று திரும்பினார். "ஆமா, நீ இத்தனை நாளா அந்த வாசப்படிய மிதிச்சிட்டா இருந்தே? சிவ சிவா!"

நண்பன் சிரித்த சிரிப்பில் அவன் காபி கீபோர்டில் கொட்டியது. நல்லா வேணும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏசி காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

பெட்டியை வாசல் நிலையின் உயரத்துக்கு இழுத்துவிட்டு, சரியாக வேலை செய்கிறதா என்று மலையடியிலிருந்து ஓடினேன். வாசல் வந்தது. என் விரல் என்னைக் கேட்காமலே ஸ்பேஸ் பட்டனைத் தட்டியது. மணி அடித்தது.