ஒரகடம் கூட்டுரோடு தவிட்டுக்குருவிகள்

1991, ஆவணி. ஒரகடம் கூட்டுரோட்டில் சேரப்பணஞ்சேரி பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். டீக்கடைக்கு எதிரே வேப்பமரத்தில் ஒரு கூடு. ஏழு தவிட்டுக்குருவிகள் ஒன்றையொன்று ஏசிக்கொண்டே மாறி மாறிப் புழு கொண்டுவந்து மூன்று குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. நான் பைனாகுலரில் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு இரைக்கும் நோட்டில் ஒரு கோடு போடுகிறேன்.

"இன்னா சார் எழுதிகினு கீற?" என்று டீயை நீட்டுகிறார் கடைக்காரம்மா.

பறவை பார்ப்பவனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. கேட்டுவிட்டார், நான் விடுவேனா? முட்டையிட்டது ஒரே ஒரு ஜோடி, மற்ற ஐந்தும் கல்யாணம் ஆகாத உறவுகள், சொந்தக் கூடு அமையும்வரை அடுத்தவர் குஞ்சுக்கு இரை சுமக்கிற ஏமாளிகள் என்று விளக்குகிறேன்.

"அதுங்களுக்கு எப்போ சார் கல்யாணம்?"

"சிலதுக்கு ஆகவே ஆகாதும்மா."

என் காலடியில் இருக்கும் தாம்பாளத்தையும் பட்டுப்பாவாடையையும் அரிசி மூட்டையையும் பார்க்கிறார். "இன்னா விசேஷம்?"

"தங்கச்சி பொண்ணுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியிலதானே உக்கார வைக்கணும்? மூணு தங்கச்சிங்க எனக்கு. இது ஏழாவது காது குத்து."

"ஒனக்கு எத்தினி கொயந்தைங்க சார்?"

கல்யாணமே ஆகாத நாற்பத்தாறு வயதுக்காரனுக்குப் பைனாகுலரைத் துடைப்பதைவிட அவசரமான வேலை வேறில்லை. துடைக்கிறேன்.

பஸ் வருகிறது. மூட்டையை அவரே தூக்கி ஏற்றிவிட்டு உள்ளே குரல் கொடுக்கிறார்:

"கண்டக்டரே, இந்தக் குருவிய சேரப்பணஞ்சேரில எறக்கி வுட்டுடு!"