மங்கை உடையார்

போன கிழமை கைபேசியில் ஒரு செய்தி. அயர்லாந்தில் பரம்பரை பரம்பரையாக வந்த பிரபுப் பட்டமொன்று அழிந்துவிட்டதாம். பட்டக்காரர் செத்துப்போனார், ஆண்வாரிசு இல்லை, அவ்வளவுதான். எனக்கோ மஞ்சளும் கற்பூரமும் மணக்கும் ஒரு பனையோலைப் பெட்டி நினைவுக்கு வந்தது. சிரிக்காதீர்கள், தொடர்பிருக்கிறது.

எண்பதாம் ஆண்டளவில் உடையார்கட்டு என்ற ஊர்ப்பக்கம் புது ரீச்சராகப் போயிருந்தேன். நான் தங்கிய வீட்டுக்காரரை ஊரே உடையார் என்றது. வெள்ளைக்காரன் காலத்தில் அவருடைய பூட்டனுக்குக் கிடைத்த ஊர்த் தலைமைப் பதவி. பதவி எப்போதோ ஒழிந்தது. பெயர் மட்டும் தகப்பனிலிருந்து மகனுக்கு இறங்கிக்கொண்டே வந்தது. அதனால் கண்ட ஒரே லாபம், தை மாத ஐயனார் பொங்கலில் முதல் காளாஞ்சி: ஒரு தட்டில் தேங்காய், வெற்றிலை, பழம். அதற்காக அவர் பொங்கல் பண்டங்களைப் பெட்டியில் வைத்துத் தலையில் சுமந்து, வழியில் எங்கும் இறக்காமல் கோயிலில் சேர்க்க வேண்டும்.

அவர் இறந்து ஆண்டுத் திவசமும் முடிந்தது. பிள்ளை ஒருத்திதான்: மங்கை, என் வயதுக்காரி, உழவு மிசின் ஓட்டுவாள். அப்பாவின் பெட்டியைத் தானே சுமக்க வேண்டுமென்று அவளுக்கு ஒரே ஆசை. ஊர்ப் பெரியவர்கள் விடவில்லை. "பொம்பிளை உடையாரோ?" என்று யாழ்ப்பாணத்திலிருந்து அவளுடைய சித்தப்பா மகனைக் கூப்பிட்டார்கள். பட்டு வேட்டி, சென்ட் மணம். நல்ல மனுசன், பாவம். மங்கை குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோயிலுக்குப் போகும் வழியில் குளம் நிரம்பி, மிகைநீர் வழியும் வான் பாதைக்குக் குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தது. பாசிக் கல்லில் எங்கே கால் வைப்பதென்று ஊராருக்குத் தெரியும், அண்ணருக்குத் தெரியாது. போதாததற்குப் பட்டு நனையாமல் ஒரு கையால் வேட்டியைத் தூக்கினார்! "ஐயோ தங்கச்சி, பிடி!" என்றபடி வழுக்கித் தண்ணீருக்குள் இருந்துவிட்டார். பின்னால் வந்த மங்கை பெட்டியை எட்டிப் பிடித்துத் தன் தலையில் வைத்து, திரும்பியும் பாராமல் நடந்தாள்.

கோயிலில் பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். பூசாரி தட்டை அவளிடமே நீட்டினார்.

"பண்டம் ஆருடைய தலையிலை வந்துதோ, அவர்தான் உடையார். வழியிலை இறக்கேல்லைத்தானே?"

"இல்லை! நான் சாட்சி!" முதலில் கத்தியது நனைந்த அண்ணர்தான். நான் விசிலடித்தேன். ஒரு ரீச்சர் செய்கிற வேலையா அது?

அந்தப் பெட்டியும் வீடும் பிறகு போர்க்கால இடப்பெயர்வுகளில் போயின. கனடாவிலிருக்கும் மங்கைக்கு அயர்லாந்துக் கதையைச் சொன்னேன்.

"பாவமடி, அந்தாளுக்கு ஒரு பெட்டையும் இல்லையோ?"

"மூண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்கினமாம்."

"பிறகென்ன, விசரே அவங்களுக்கு, மூளை கழண்டிட்டுதோ?"

வயிறு நோகச் சிரித்தோம். அவளை உடையார் என்று கூப்பிட இப்போது நான் ஒருத்திதான் மிச்சம்.