முசியே கிளமானின் வருடத்துக்கு ஒரு தட்டு

முசியே கிளமான் வீட்டுக்கு நான் வேலைக்குப் போனது 2003 பிப்ரவரியில். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். அவர் இடுப்பெலும்பு உடைந்து, கம்பி வைத்து, வீடு திரும்பியிருந்தார். மனைவி இறந்து பல வருடமாகிவிட்டது. பிரான்சில் லியோன் நகரத்தில் இருந்த மகள் ஜிசேல் போனில் பேசி, "அப்பாவ ஒரு ஆறு மாசம் பாத்துக்குங்கம்மா" என்றாள். நான் ஆறு வருடம் பார்த்துக்கொண்டேன்.

முதல் நாள் கட்டிலை எங்கே போடலாம் என்று வீட்டைச் சுற்றி வந்தேன். காற்று வருகிற அறை ஒன்றுதான். அதில் மூன்று சுவரிலும் அலமாரி, அலமாரி முழுக்க இசைத்தட்டு.

"இதையெல்லாம் கூடத்துக்கு மாத்திட்டு இங்க கட்டிலப் போட்டுடலாம் முசியே."

"கட்டில கூடத்துல போடு. அதுங்க இங்கயே இருக்கட்டும்."

"கூடத்துல காத்து வராது. முதுகுல புண்ணு வரும்."

"புண்ணு ஆறிடும். அதுங்க மேல கீறல் பட்டா ஆறாது."

கடைசியில் அலமாரிகளுக்கு நடுவிலேயே கட்டில் வந்தது. நடக்க ஒன்றரை அடி இடம். மருந்து கொடுக்க நான் பக்கவாட்டில்தான் போவேன்.

அவருக்கு அப்போது எழுபத்தாறு வயது. முதலியார்பேட்டையில் மில் தொழிலாளி ஒருவரின் மகன். இருபது வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பலேறினார். அங்கே ஓட்டல்களில் வாசித்த ஜாஸ் இசை அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரே மெட்டை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போய், கடைசியில் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து சேருகிற இசை. எனக்கு முதலில் அது பஸ் நிலையத்துச் சத்தம் மாதிரி இருந்தது. கேட்கக் கேட்க, யார் எங்கே போயிருக்கிறார் என்று தெரிய ஆரம்பித்தது.

சிப்பாய்களுக்குக் கொடுக்கும் ஒயின் பங்கை அவர் குடிக்கவே இல்லையாம். யான் என்ற பக்கத்துக் கட்டில்காரனிடம் கொடுத்து, பதிலுக்குத் தட்டு வாங்கிக்கொள்வார். பிறகு பிரான்சுக்கு மாற்றியபோது, அங்கே மார்செய் துறைமுகத்துப் பழைய சாமான் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை முழுக்க மண்டியிட்டுத் தேடுவார். 1966இல் ஊர் திரும்பியபோது இரண்டு டிரங்குப் பெட்டியில் தட்டு, ஒரு சின்னப் பெட்டியில் துணிமணி. சுங்கத்தில் ஒருவர் திறந்து பார்த்துவிட்டு, "கடை வெக்கப் போறியா?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற மனைவி ஏஸ்தெல், "கடை வெச்சாலாவது நாலு பேரு எடுத்துட்டுப் போவாங்க" என்றாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் முசியே சிரிப்பார். அவ்வளவு தூரம் சிரித்தால் இருமல் வரும், நான் தண்ணீர் கொடுப்பேன்.

அந்த இசையால் எனக்கும் ஒரு உபயோகம் இருந்தது. காலைத் தூக்கி இறக்கும் பயிற்சி அவருக்குப் பிடிக்காது. டிரம்ஸ் நன்றாகக் கேட்கிற தட்டைப் போட்டு, அடிக்கு ஒரு தடவை என்று தூக்கச் சொன்னேன். இருபது தடவை செய்யாதவர் எண்பது தடவை செய்தார். எட்டு மாதத்தில் கைத்தடியோடு கடற்கரை வரை நடந்தார்.

இடுப்பு சரியானது. காதுதான் போக ஆரம்பித்தது. அது ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் டிரம்ஸோடு இருக்கும் பித்தளைத் தட்டின் சத்தம் போனது. ஒரு நாள், "இதுல தட்டு அடிக்கிறானா?" என்று என்னைக் கேட்டார். "அடிக்கிறாங்களே" என்றேன். "எனக்கு வரல" என்றார். அடுத்த வருடம் டிரம்பெட்டின் உச்ச ஸ்வரம் போனது. காதில் மாட்டும் மிஷின் பாதி நேரம் விசில் அடித்தது. பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் மட்டும் கடைசிவரை இருந்தது. அதையும் அவர் பிளேயரின் மரப்பெட்டியில் உள்ளங்கையை வைத்துத்தான் வாங்கிக்கொண்டார்.

மேல் அலமாரியில் ஒரு தட்டு தனியாக இருந்தது. சைகோனில் பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 நடன விழாவில் வாசித்த ஓட்டல் குழுவின் தட்டு. அங்கேயே ஒரு கடைக்காரர் நூறு பிரதியோ என்னவோ அச்சுப் போட்டு விற்றிருக்கிறார். அந்த விழாவில்தான் முசியே ஏஸ்தெலைப் பார்த்தார். ஏஸ்தெலின் அப்பா காரைக்காலிலிருந்து போய் அங்கே துணிக்கடை வைத்திருந்தவர். கல்யாணமான பிறகு மற்ற தட்டுகளையெல்லாம் அந்த அம்மா 'இரைச்சல்' என்றே சொல்வாராம். இந்த ஒன்று ஓடினால் மட்டும் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து கதவில் சாய்ந்து நிற்பார். முடிந்ததும் உள்ளே போய்விடுவார்.

ஏஸ்தெல் 1994இல் இறந்தார். அதன் பிறகு முசியே தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். ஊசி ஓட ஓடத் தட்டு தேயும். அதனால் வருடத்துக்கு ஒரே முறை. ஜூலை 14 காலையில் மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் போர்வீரர் நினைவிடத்துக்குப் போவார். திரும்பி வந்து மெடலைக் கழற்றி வைத்துவிட்டு அந்தத் தட்டைப் போடுவார். முடிந்ததும் உறையில் பென்சிலால் ஒரு கோடு. 2006இல் பன்னிரண்டு கோடு இருந்தது.

"காது போயிட்டே இருக்குது. யாருக்காக மிச்சம் வெக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"தட்டு தேஞ்சுடும் அஞ்சலாட்சி."

"தட்டு இருக்கும். காது இருக்காது. அப்ப என்ன செய்வீங்க?"

 அவர் அந்த வருடம் முழுக்க ஜூலை எப்போது வரும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த தடவைக்குள் அந்தத் தட்டில் முதலில் வரும் கிளாரினெட் குழலும் கேட்காமல் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

2007 ஜூலை 9ஆம் தேதி மத்தியானம் அவர் தூங்கும்போது அந்தத் தட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரே தூசி. அவர் கை நடுங்கும், துடைக்க முடியாது. விழாவுக்குள் சுத்தமாக்கிவிடலாம் என்று நினைத்தேன். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, புண்ணைத் துடைப்பது போலவே உள்ளிருந்து வெளிப்பக்கமாக வட்டமாகத் துடைத்தேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படித்தான். பஞ்சு கறுப்பானது. ஐம்பது வருட அழுக்கு என்று வேறு பஞ்சு எடுத்தேன். அது இன்னும் கறுப்பானது. அப்போதுதான் வாசனை மூக்கில் ஏறியது. எங்கள் வீட்டு வாசலில் அடித்த பாலிஷ் வாசனை.

என் வீட்டுக்காரர் சாமிக்கண்ணு தச்சு வேலை செய்தவர். நாற்காலிக்குப் பாலிஷ் போட அரக்கை ஸ்பிரிட்டில்தான் ஊறவைத்துக் கரைப்பார். இருபத்தைந்து வருடம் அந்தப் பாட்டிலைத் தாண்டித்தான் நான் டியூட்டிக்குப் போனேன். பழைய காலத்துத் தட்டுகள் அரக்கில் செய்தவை என்று முசியே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

வார்டில் தவறான மருந்து கொடுத்துவிட்டால் உடனே சொல்ல வேண்டும். அவர் கண் திறந்ததும் சொன்னேன்.

"முசியே, ஒரு தப்பு பண்ணிட்டேன். மேல இருந்த சைகோன் தட்ட ஸ்பிரிட்டால தொடச்சிட்டேன். கரைஞ்சிடுச்சு."

காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். விழுந்திருந்தது.

"எவ்ளோ?"

"நடுவுல இருந்து முக்கால்வாசி. வெளி ஓரம் ரெண்டு விரல் அளவு தொடல."

அவர் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கரைந்த இடம் மங்கலாக, விரல் பட்டால் ஒட்டுவதாக இருந்தது.

"இன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுங்க. வேற ஆளு நானே பாத்துத் தரேன்" என்றேன்.

"மதாம் அஞ்சலாட்சி," என்றார். கோபம் வந்தால்தான் மதாம் போடுவார். "கதவ சாத்திட்டுப் போங்க. நாலு மணிக்கு டீ வெக்கணும்."

 ஜிசேலிடம் போனில் நானே சொன்னேன். அவள் இன்டர்நெட்டில் தேடினாள். அந்தக் குழுவின் பெயரே எங்கும் இல்லை.

ஜூலை 14 காலை வழக்கம்போல அவருக்குக் கோட்டு மாட்டி, மெடல் குத்தி அனுப்பினேன். பதினொரு மணிக்குத் திரும்பி வந்தார். அந்த அறைக் கதவை முழுக்கத் திறந்து வைக்கச் சொன்னார். சமையலறை தெரிகிற கதவு. பிறகு, "கை நடுங்குது. ஊசிய நீ வை" என்றார்.

"வீணான இடத்துல ஊசி மாட்டிக்குமே முசியே."

"ஓரத்துல இருந்து வை. நான் கைய தூக்கினதும் எடுத்துடு."

வைத்தேன். அந்தப் பாட்டை நான் அதற்கு முன் நான்கு முறைதான் கேட்டிருந்தேன். கிளாரினெட் தனியாக வந்தது, பின்னால் பாஸ் சேர்ந்தது. அவர் ஒரு கையைப் பெட்டி மேல் வைத்துக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளாரினெட் அவருக்குக் கேட்டதா என்று நான் கேட்கவில்லை. கரகரப்பு ஆரம்பிக்கும் முன்பே கையைத் தூக்கினார். எடுத்துவிட்டேன். தட்டு சும்மா சுற்றியது.

அவர் நிறுத்தவில்லை. விரலால் பெட்டியைத் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் வாய்க்குள் முனகினார். ஒரு இடத்தில் வேகம் கூடியது, ஒரு இடத்தில் விரலை அந்தரத்தில் நிறுத்தி ஒரு அடி விட்டார். பிறகு விரலால் ஒரே ஒரு தட்டல். முடிந்தது.

"இன்னொரு தடவ வை" என்றார்.

"இன்னைக்கே ரெண்டா?"

"இனிமே எதுக்கு மிச்சம் வெக்கிறது?"

நாடித்துடிப்பு பார்க்கிற கடிகாரம் என் சட்டையில் குத்தியே இருக்கும். இரண்டாவது தடவை அதைப் பார்த்தேன். ஊசி ஓடியது ஐம்பத்திரண்டு விநாடி. அதன் பிறகு அவர் விரல் ஓடியது இரண்டு நிமிடம் பதினாறு விநாடி. மூன்றாவது தடவையும் விரல் இரண்டு நிமிடம் பதினாறு விநாடிதான். நான்காவது தடவை ஒரு விநாடி கூட இருந்தது, நடுவில் இருமல் வந்ததால்.

மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. ஏழு முறை வைத்தேன். கதவு திறந்தே இருந்தது. பென்சிலை அவர் கேட்கவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.