ஏசுகிற மச்சான்

டெங்கு பற்றி முகநூலில் எழுதும் எங்கள் ஊர் டொக்டரை நேற்றும் அவரின் பதிவுக்குக் கீழே வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தார்கள். "இனி எழுதமாட்டேன்" என்றுவிட்டார்.

இன்று பாலையூற்றுக்குப் போகையில் ஓட்டோக்கார அண்ணை சொன்னார்: "காய்ச்சல் விட்ட பிறகுதான் கூடக் கவனம் வேணும் எண்டு எங்கட டொக்டரம்மா எழுதினதைப் பாத்துத்தான், பள்ளிக்கு வெளிக்கிட்ட மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனனான். பிள்ளை தப்பிட்டுது."

"அதை அவவின்ர பதிவுக்குக் கீழ எழுதினீங்களோ?"

"ஏலாது தம்பி. அங்க முன்னுக்கு நிண்டு ஏசுறதே மனுசியின்ர தமையன்தான். வீட்டில சண்டை வரும்."

"மகள் தப்பின கதை மச்சானுக்குத் தெரியாதோ?"

"தெரியாமல் என்ன? ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டு வந்ததே அவர்தான்!"

இப்படி எத்தனை நன்றிகள் வீட்டுச் சண்டைக்குப் பயந்து ஒளிந்திருக்கின்றன? டொக்டர் பார்க்கட்டும், உங்கள் நன்றியை இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்கள்.

மச்சான்மார் வரிசையில் பின்னால் நில்லுங்கள்.