கனடாவில் தைத்த மழைக்கோட் தேடி மொன்றியலில் ஒரு சனிக்கிழமை

இரண்டு மாதத்துக்கு முன், ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை, மொன்றியல் நகரத்துக்குள் நான் அலைந்த கதை இது. இருபத்திரண்டு வருடமாக இருக்கிற ஊருக்குள் என்ன பெரிய பயணம் என்று கேட்பீர்கள். கேளுங்கள், பரவாயில்லை. இந்த ஊரில் நான் இப்படிக் கால் கடுக்க நடந்தது அன்றுதான். டிசம்பரில் கிளிநொச்சிக்குப் போவதாக இருந்தோம். அதற்குள் கனடாவிலேயே தைத்த உடுப்பு ஒன்று எனக்கு வேண்டும். ஒன்றே ஒன்று.

ஏன் இந்தப் பிடிவாதம்? என் அக்காவின் மகள் தர்சினி கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். தைத்து வருகிற உடுப்புகளில் பிழை பிடித்துத் தள்ளி வைப்பது அவளுடைய வேலை. மூன்று வருடத்துக்கு முன் போனபோது, நெஞ்சில் கனடாக் கொடியின் பெரிய மேப்பிள் இலை போட்ட சட்டை ஒன்று அவளுக்குக் கொடுத்தேன். அவளும் அதைப் போட்டுக்கொண்டு, சின்னம்மா கனடாவிலிருந்து கொண்டு வந்தது என்று சொல்லிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். பக்கத்தில் நின்ற பெட்டை ஒருத்தி கொலரைப் பிரட்டிப் பார்த்தாளாம். இலங்கையில் தயாரிக்கப்பட்டது! அன்றிலிருந்து அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் 'கனடாக்காரி'.

இதை ரெலிபோனில் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாள். கடைசியில், "இனி எனக்கு ஒண்டும் கொண்டு வராதேங்கோ சின்னம்மா" என்றாள். அதைச் சொல்லும்போது சிரிப்பு இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நம்முடைய ஆட்கள் ஊருக்குப் போகும்போது சூட்கேஸைக் குளியலறைத் தராசில் நாலு தரம் நிறுத்துப் பார்ப்போம். இருநூறு கிராம் கூடினால் சொக்லேற்றை எடுத்து வெளியில் வைப்போம். லேபலை மட்டும் பார்க்க மாட்டோம். இலங்கையில் தைத்ததை இலங்கைக்கே காவிக்கொண்டு போகிற விசரி நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று நினைக்கிறேன்.

காலை ஒன்பது இருபதுக்கு ரொக்ஸ்பரோவில் வீட்டை விட்டு வெளிக்கிட்டேன். என் மனுசன் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றார்.

"இஞ்சாரும், இந்த நாட்டிலை எல்லாம் வெளியிலை இருந்து வந்ததுதான். நானும் நீரும் உட்பட. வீணாய் அலையாதேயும்."

"நீங்கள் பேசாமல் உடுப்புத் தோயுங்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஒரு நாள் முழுக்க ரயில், மெற்றோ, பஸ் எல்லாவற்றிலும் போகிற அட்டை 11.25 டொலர். மூன்று தரத்துக்கு மேல் ஏறி இறங்குவதென்றால் அதுவே லாபம். புது ரயிலில் ரொக்ஸ்பரோவிலிருந்து நகர மையத்துக்கு ஏறத்தாழ அரை மணி நேரம். இறங்கினால் நிலத்துக்குக் கீழேயே கடைகள் தொடங்கிவிடும். மழைக்கும் குளிருக்கும் பயமில்லை.

முதலில் சுற்றுலாக்காரர் போகிற கடை. எங்கே திரும்பினாலும் மேப்பிள் இலை. தொப்பியைப் பிரட்டினேன், சீனா. கையுறை, வியட்நாம். மூஸ் மான் படம் போட்ட சட்டை, பங்களாதேஷ். பிள்ளைகளின் சட்டை ஒன்றைப் பிரட்டினால், ஐயோ கடவுளே, இலங்கை! இதையும் யாரோ ஒரு தர்சினி பார்த்துத்தானே அனுப்பியிருப்பாள் என்று சும்மா தடவிப் பார்த்தேன். கனடாவில் செய்தது என்ன இருக்கிறது என்று கடைப் பிள்ளையிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, மேப்பிள் மரச் சாற்றில் காய்ச்சுகிற பாணிப் போத்தலைக் காட்டினாள். சாப்பாட்டுச் சாமான் என்றால் இங்கே கஷ்டமே இல்லை. ஆனால் பாணியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக முடியாதே.

இரண்டாவது கடையில் தோள்பை ஒன்றில் 'மொன்றியலில் வடிவமைத்தது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சந்தோஷத்தில் விலையைக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே கைவிட்டு லேபலை இழுத்தால் வேறு நாடு. இங்கே யோசிக்க மட்டும்தான் செய்கிறார்கள் போல. இப்படி ஐந்து கடை ஏறி இறங்கினேன். பதினொன்றே முக்காலுக்குக் கால் இரண்டும் என்னை ஏசத் தொடங்கிவிட்டன.

ஆறாவது ஒரு சின்னக் கடை. "பொன்ஜூர் மடாம்" என்று வந்த அம்மா என் கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மெல்லிய நீல நிற மழைக்கோட் ஒன்றை எடுத்துத் தந்தார். லேபலில் 'ஃபப்ரிக்கே ஓ கனடா', கனடாவில் செய்தது என்று பிரெஞ்சில். அப்பாடா! ஆனால் இருந்தது ஆண்களின் பெரிய அளவு மட்டும். தர்சினி அதற்குள் இரண்டு பேரோடு போகலாம். தைக்கிற இடம் செயின்ட்-மிஷேலில் இருக்கிறது, சனிக்கிழமைகளில் ஒன்றரை மணி வரைக்கும் வாசலிலேயே விற்பார்கள் என்று சொல்லி முகவரி எழுதித் தந்தார். "மெர்சி, மெர்சி" என்று ஓடினேன்.

காலையில் வந்த அதே புது ரயிலில் நகர மையத்திலிருந்து திரும்ப ஏறி, எடுவார் மோன்பெற்றியில் இறங்கி, லிஃப்டில் மேலே வந்து நீல மெற்றோவைப் பிடிக்க வேண்டும். அந்த லிஃப்டில் ஏறும்போது காது அடைக்கும், பயப்படாதீர்கள். செயின்ட்-மிஷேல் நிலையத்திலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. நான் ஒன்பது நிமிடத்தில் போனேன். ஒரு மணி ஐந்து.

இரண்டாம் மாடி. கதவடியில் ஒரு மேசை, அதில் ஒரு பெட்டி உடுப்பு. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் என்னைப் பார்த்ததும் பிரெஞ்சில் தொடங்கி, பாதியில் நிறுத்தி, "தமிழோ?" என்றார். ஜெசிந்தா அக்கா. ஊர் மன்னார். பத்தொன்பது வருடமாக அங்கே தைக்கிறார். அவரிடம் தர்சினியின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். சட்டையும் கொலரும் வந்த இடத்தில் அவர் சிரிக்கவில்லை.

"துணி தாய்வான் தங்கச்சி, அதையும் சொல்லிப்போடுறன். வெட்டுறதும் தைக்கிறதும் இஞ்சை நாங்கள். அந்தப் பிள்ளைக்கு ஏத்த அளவு ஒண்டுதான் கிடக்கு. ஆனால் அதிலை ஒரு பிழை இருக்கு."

இடது பொக்கற்றின் மூடியைக் காட்டினார். தையல் ஒரு மயிரிழை சரிந்து போயிருந்தது. அதனால்தான் கடையில் 160 டொலர் விற்கிற கோட் இங்கே 85.

"பிழை பிடிக்கிறதே அவளின்ரை வேலை அக்கா! கண்ட உடனை பிடிச்சிடுவாள்."

"பிடிக்கட்டுமே. அது நான் தைச்சதுதான். அண்டைக்கு எனக்குக் காய்ச்சல். காய்ச்சல்காரி தைச்சது எண்டு சொல்லுங்கோ."

எனக்கு மனமே இல்லை. முதலில் கொடுத்தது பொய்ச் சாமான், இப்போது கொடுக்கப் போவது பிழையென்று தள்ளி வைத்த கழிவுச் சாமானா என்று உள்ளுக்குள் கிடந்து அரித்தது. அடுத்த சனி எனக்கு வேலை, பிறகு குளிர்கால உடுப்புத்தான் தைப்பார்களாம். வாங்கிவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பொக்கற்றைத் தடவிக்கொண்டே வந்தேன்.

நேற்றுக் காலை கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்குப் பஸ் பிடித்தோம். 330 கிலோமீற்றர், ஏழரை மணி நேரம், வழி முழுக்க மழை. கோட்டைக் கொடுத்ததும் தர்சினி போட்டுப் பார்க்கவில்லை. அதன் உள்பக்கத்தை வெளியே பிரட்டினாள். லேபலை வாசித்தாள். பிறகு ஒவ்வொரு தையலாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள். இடது பொக்கற்றில் விரல் நின்றது.

"சின்னம்மா, இது கழிவு."

உண்மையைச் சொன்னேன். ஜெசிந்தா அக்காவின் காய்ச்சலையும் சொன்னேன். அவள் ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு வந்து, மூடியைப் பிரித்து, பழைய ஓட்டைகளின் வழியாகவே கையால் தைத்தாள். இருபது நிமிடம் எடுத்தது. பிழை எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. இன்று விடியக்காலை மழைக்குள் அதைப் போட்டுக்கொண்டு வேலை பஸ்ஸில் ஏறிப் போனாள்.

இதை எழுதும்போது பின்னேரம் நாலே கால். அவளுடைய வேலை பஸ் ஐந்து மணிக்கு வரும். இருப்புக் கொள்ளவில்லை, அதனால் உங்களுக்குப் புத்தி சொல்கிறேன். மொன்றியலில் கனடாச் சாமான் தேடுகிறவர்கள் முன்பக்கத்து இலையை நம்பாதீர்கள், கொலரிலோ உள்ளே இடப்பக்கத் தையலிலோ இருக்கிற லேபலைப் பாருங்கள். 'வடிவமைத்தது' என்றால் தைத்தது என்று அர்த்தம் இல்லை. பெரிய கடைகளில் நேரத்தை வீணாக்காமல், சின்னக் கடைகளில் வாய்விட்டு விசாரியுங்கள். அளவை எழுதிக்கொண்டு போங்கள். முழுதும் கனடாவிலேயே விளைந்து, நெய்து, தைத்த உடுப்பு வேண்டுமென்றால், என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. துணி எங்கிருந்தோ வரத்தான் செய்கிறது. கால் பத்திரம்.

ஐந்து பத்துக்குப் பஸ் வந்தது. வீட்டுப் படலையடியில் நின்றே கேட்டேன். "கொலரைப் பிரட்டிப் பார்த்தவளவையோ?"

"பாராமல்? கனடாதான் எண்டு ஒத்துக்கொண்டவளவை." கோட்டைக் கழற்றி உதறினாள். "பேந்து நான் பொக்கற்றைக் காட்டினனான்."

"ஐயோ, அதை ஏன் பிள்ளை காட்டினனீ!"

"காட்டாமல் என்ன? கனடாவிலை விட்ட பிழையைத் திருத்தினது நானெல்லோ!"