குளிர்கடலில் முழுதாய் நிற்கும் கப்பல்

2012 ஆகஸ்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறே காலுக்கு மெல்பர்ன் ஃபுட்ஸ்கிரேயிலிருந்து காரில் தனியாகக் கிளம்பினேன். ஜீலாங் வழியாகக் குவீன்ஸ்கிளிஃப் படகுத்துறைக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். கடலுக்குள் முழுகிப் பார்க்க நானும் என் கணவரும் சேர்ந்துதான் கற்றுக்கொண்டோம். வேலை கிடைத்துப் பெர்த்துக்குப் போனவர், இனி வரப்போவதில்லை என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி ஏழு மாதமாகிறது. கடலடியில் நிற்கும் கான்பெரா கப்பலைப் பார்ப்பது இருவரும் போட்ட திட்டம். தனியாகவாவது பார்த்துவிட வேண்டும் என்ற வீம்பு எனக்கு.

எட்டரைக்குத் துறையில் இருந்தேன். கட்டணம் எண்பத்தைந்து டாலர். படகுக்காரர் பட்டியலில் என் பெயரைத் தேடிவிட்டு, "உங்கள் ஜோடி யார்?" என்றார். யாரும் இல்லை என்றேன். ஜோடியில்லாமல் இங்கே யாரையும் நீரில் இறங்க விடமாட்டார்கள். அவர், தனியாக வந்திருந்த இன்னொருவரைக் கைகாட்டினார். முப்பது வயதிருக்கும்.

"தமிழோ அக்கா?"

"ஆமா, மதுரை. நீங்க?"

"முல்லைத்தீவு. இப்ப டான்டினோங்கில வெல்டிங் வேலை. பேர் சுதன்." சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "கப்பலுக்குள்ள மட்டும் நான் வரமாட்டன் அக்கா. வெளியால சுத்திப் பாப்பம்."

"சரி" என்றேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

அரை மணி நேரப் பயணம். கடற்படையில் ஓய்வு பெற்ற இந்தப் போர்க்கப்பலை, முழுகுபவர்கள் பார்ப்பதற்காகவே 2009இல் இங்கே மூழ்கடித்தார்கள். நீளம் 138 மீட்டர். கடலடித் தரையில் நேராக நிற்கிறது. நீரின் வெப்பம் பன்னிரண்டு டிகிரி. கயிற்றைப் பிடித்து இறங்கும்போது நெற்றி வலித்தது. பச்சை மங்கலில் முதலில் கம்பம் தெரிந்தது. பிறகு கைப்பிடிக் கம்பிகள், படிகள், மூடாத கதவுகள். ஆட்கள் சற்றுமுன் இறங்கிப் போன கப்பல் மாதிரி இருந்தது.

பத்து மணி பத்து நிமிடம். இருபது மீட்டர் ஆழத்தில் ஒரு வாசல். உள்ளே நீண்ட நடைவழி. சுதன் வரமாட்டேன் என்று தலையை ஆட்டினார். ஐந்து நிமிடம் என்று விரல் காட்டிவிட்டு நான் நுழைந்தேன். செய்யக்கூடாத காரியம். யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம்தான் காரணம்.

இரண்டு அறைகளைக் கடந்ததும் வாயிலிருந்த காற்றுக்குழாயின் வால்வு சிக்கித் திறந்தபடியே நின்றுவிட்டது. காற்று பீறிட்டது. குமிழிகளில் கண் தெரியவில்லை. கைகால் உதறியதில் வண்டல் கிளம்பி, வந்த வழியும் மறைந்தது. காற்றுமானியில் முள் இறங்கிக்கொண்டே போனது. சுவரைத் தடவினேன். வாசல் எந்தப் பக்கம் என்று புரியவில்லை. நான் வராவிட்டால் வீட்டில் தேட ஆளில்லை என்பது அப்போது மிகத் தெளிவாக நினைவுக்கு வந்தது.

வண்டலுக்குள் ஒரு விளக்கு தெரிந்தது. சுதன். தன் உபரிக் குழாயை என் வாயில் வைத்தார், என் தோள்பட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். மேலேறும் வழியில், அழுத்த மாற்றத்துக்கு உடம்பு பழக, நீர்மட்டத்துக்கு ஐந்து மீட்டர் கீழே மூன்று நிமிடம் நிற்க வேண்டும். அந்த மூன்று நிமிடமும் பிடியை விடவில்லை.

படகுக்காரர் என்னைக் கடுமையாகத் திட்டினார். நியாயம்தான். கம்பளியைச் சுற்றிக்கொண்டு சுதன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உள்ள வரமாட்டேன்னு சொன்னீங்களே."

"இங்க வரேக்க பதினெட்டு நாள் படகின்ர அடித்தட்டில இருந்தனாங்கள் அக்கா. இருட்டு. எனக்குப் பக்கத்தில இருந்த பெடியன் கரைக்கு வரேல்ல. கடலுக்குப் பயந்துகொண்டே இருக்க ஏலாது எண்டுதான் இதைப் படிச்சனான். ஆனா கப்பலுக்குள்ள போக மனம் வாறேல்ல."

"அப்புறம் எப்படி வந்தீங்க?"

"நீங்க உள்ள நிண்டீங்களே."

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்று சொல்லவில்லை அவர். "இனி அப்படிச் செய்யாதேங்கோ" என்றார்.

பன்னிரண்டு மணிக்குத் துறையில் பிரிந்தோம். ஈர உடைகளைக் காரில் போட்டுக்கொண்டிருந்தபோது திரும்பி வந்து தன் நம்பரைக் கொடுத்தார். "வீட்ட போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடுங்கோ அக்கா."

மதுரையில் தெருமுனைக் கடைக்குப் போனாலும் வந்துவிட்டாயா என்று கேட்பார்கள். அது எனக்கு எரிச்சலாக இருக்கும். ஜீலாங் சாலையில் மழை பிடித்துக்கொண்டது. மெதுவாகவே ஓட்டினேன். இரண்டே காலுக்குக் கதவைத் திறந்து, விளக்கைப் போடுமுன் வாசலிலேயே நின்று தட்டச்சினேன்: வந்துட்டேன்.